ஒளியை அழித்த கதை

(மூன்றாமாண்டு மாணவன், கணினி அறிவியல் துறை)

பிழை செய்யாத மனிதன் இல்லை என்று மேடையேறிப் பேசுவது எளிது. ‘அந்தப் பிழையைச் செய்தவன் நான்தான்’ என்று நாலு பேர் அறியச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு நான் அறிந்துகொண்டேன்.

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று தமிழ்த் துறைப் பேராசிரியர் கேட்டபோது, கணினியின் விந்தைகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். படித்த எனக்கே கொட்டாவி வந்தது. “உனக்கு நடந்ததை எழுதப்பா” என்றார் பேராசிரியர். எனக்கு நடந்தது பெருமைப்படும் செய்தி அன்று. ஆயினும் கல்லூரியில் நான் கற்ற பாடங்களுக்கு ஈடான ஒரு பாடத்தை, முகம் அறியாத சிலர் எனக்குக் கற்பித்தார்கள். அதையே இங்கு எழுதுகிறேன்.

பழைய தமிழ் நூல்களை இணையத்தில் எல்லாரும் படிக்கும்படி ஏற்றிவைக்கும் தன்னார்வக் குழு ஒன்று உண்டு. இரண்டாமாண்டுத் தேர்வு முடிந்து ஊருக்குப் போன நான், அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற, அரசின் விலையில்லா மடிக்கணினியைத் தூசு தட்டி எடுத்து அக்குழுவில் சேர்ந்தேன். வேலை இதுதான்: பழைய புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக எடுத்து வைத்திருப்பார்கள். எழுத்துணரி என்னும் மென்பொருள் அந்தப் படத்தைப் பார்த்துத் தானே எழுத்துகளைக் கண்டறிந்து தட்டச்சு செய்ததுபோல் தந்துவிடும். ஆனால் அது கண்ணாடி போடாத தாத்தா கடிதம் படிப்பதைப் போலத்தான் படிக்கும். ‘ர’ இருக்கும் இடத்தில் கால் போடும். கால் இருக்கும் இடத்தில் ‘ர’ போடும். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அச்சான நூல் என்றால், பழைய ‘ணா’வையும் ‘னை’யையும் கண்டு திகைத்து நின்றுவிடும். படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்து, வரி வரியாக ஒப்பிட்டு, ஒருவர் மெய்ப்புப் பார்க்க வேண்டும். அவர் பார்த்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

குழுவில் இருந்தவர்களில் சிலரையாவது அறிமுகப்படுத்த வேண்டும். யாழ்ப்பாணத்தில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர். அவரே குழுவின் நிர்வாகி. சிங்கப்பூரில் கப்பல் துறையில் பணிபுரியும் அண்ணன் ஒருவர். கோயம்புத்தூரில் பள்ளி ஆசிரியை ஒருவர். நெல்லைச் சீமையிலிருந்து ஒரு பெரியவர். நாற்பது ஆண்டுகள் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோத்தவர். பேரன் வாங்கிக் கொடுத்த கைப்பேசியில் மெய்ப்புப் பார்ப்பார். எங்களில் யாரும் ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் முடித்தால் அவர் இருபது முடிப்பார். நான் அவரை ‘ஐயா’ என்பேன். அவர் என்னை ‘தம்பி, நீங்கள்’ என்பார்.

இனி என் பிழைக்கு வருகிறேன். கணினி படிக்காத நண்பர்களும் இதைப் புரிந்துகொள்ளலாம். தமிழ் எழுத்துத் தெரிந்தால் போதும்.

‘ஔவையார்’ என்னும் பெயரின் முதல் எழுத்தைப் பாருங்கள். உயிரெழுத்து பன்னிரண்டில் கடைசி எழுத்தாகிய ‘ஔ’ அது. அதன் வலப்பக்கம் நிற்கும் பகுதியும் ‘ள’ என்னும் எழுத்தும் அச்சில் ஏறத்தாழ ஒரே முகம்தான். நம் கண் இடமறிந்து படித்துவிடுகிறது. கணினிக்கோ ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். ஒருங்குறி என்னும் உலகப் பொது எழுத்து முறையின் முதற்பதிப்பு வெளிவந்த 1991-லேயே தமிழுக்கு அதில் இடம் கிடைத்துவிட்டது. அதன்படி ‘ஔ’ என்பது ஒரே எழுத்து, ஒரே எண். ‘ஒ’வை எழுதிப் பக்கத்தில் ‘ள’வை எழுதினால், பார்வைக்கு அதுபோலவே இருக்கும், ஆனால் கணினிக்கு அவை இரண்டு எழுத்துகள். எழுத்துணரி பல இடங்களில் இப்படி இரண்டாகவே எழுதிவிடும். ‘கௌரவம்’, ‘பௌர்ணமி’, ‘சௌக்கியம்’ எல்லாவற்றுக்கும் இதே கதி: ஒற்றைக் கொம்பு ஒருபுறம், ‘ள’ ஒருபுறம். பார்ப்பதற்குக் குறை தெரியாது. ஆனால் யாராவது ‘ஔவையார்’ என்று தேடினால் கணினி ‘அப்படி ஒருவர் இந்நூலில் இல்லை’ என்று கைவிரித்துவிடும்.

இதைக் கையால் ஒவ்வொன்றாகத் திருத்துவதைப் பார்த்த எனக்குச் சிரிப்பு வந்தது. கணினி அறிவியல் மாணவன் அல்லவா! முப்பது வரியில் ஒரு நிரல் எழுதினேன். எங்கெல்லாம் ‘ஒ’வும் ‘ள’வும் சேர்ந்து வருகின்றனவோ அங்கெல்லாம் ‘ஔ’ என்று மாற்று. எங்கெல்லாம் ஒற்றைக் கொம்பை அடுத்து ‘ள’ வருகிறதோ அங்கெல்லாம் ஔகாரக் குறியாக மாற்று. அவ்வளவுதான். குழுவில் ஒரு விதி உண்டு: நிரலால் பல பக்கங்களை மாற்றுவதாக இருந்தால் முதலில் மற்றவர்களிடம் சொல்லி, சில பக்கங்களில் செய்து காட்டி, அதன் பிறகே ஓட்ட வேண்டும். அந்த விதியை நான் அறிவேன். அறிந்தும், காலையில் எல்லாரும் கண்விழித்துப் பார்த்து வியக்கட்டும் என்ற ஆசையில், யாரிடமும் சொல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நிரலை ஓடவிட்டேன். அரை மணி நேரத்தில் 317 பக்கங்கள் திருந்தின. நிம்மதியாகத் தூங்கினேன்.

வாசகர்களே, இதற்குள் உங்களில் சிலர் என் பிழையைக் கண்டுபிடித்திருப்பீர்கள். ‘ஒளி’ என்னும் சொல்லை எழுதிப் பாருங்கள். ‘ஒ’வை அடுத்து ‘ள’. அதன்மேல் ஒரு கொக்கி. ‘தெளிவு’ என்று எழுதிப் பாருங்கள். கொம்பை அடுத்துத் ‘த’. அதை அடுத்து ‘ள’. ‘வெள்ளம்’, ‘வெளி’, ‘தெளிந்த’, ‘ஒளிந்த’, ‘ஒள்ளிய’ எல்லாமே இந்த வலையில் விழும். என் நிரல் 317 பக்கங்களிலும் தேடித் தேடி ஒளியை அழித்தது, தெளிவைக் கெடுத்தது. ‘ள’வை ‘ஔ’ விழுங்கிவிட்டதால், அதன்மேல் இருந்த கொக்கி அமர இடமின்றி அந்தரத்தில் நின்றது. இப்படி ஆதாரமில்லாமல் நிற்கும் குறியைக் கணினி ஒரு புள்ளி வட்டத்தின்மேல் ஏற்றிக் காட்டும். ‘இங்கே ஏதோ ஓர் எழுத்து இருந்திருக்க வேண்டும், காணவில்லை’ என்று அதற்குப் பொருள்.

சனிக்கிழமை முழுதும் நான் கணினியைத் திறக்கவில்லை; அத்தை மகன் திருமணத்துக்குப் போய்விட்டேன். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பிக் குழுவின் உரையாடல் பக்கத்தைத் திறந்தேன். வாழ்த்துகளை எதிர்பார்த்த இடத்தில் நெல்லைப் பெரியவரின் செய்தி இருந்தது. அதன் சாரம் இது:

“அன்பர்களே, நான் சில காலம் மெய்ப்புப் பார்க்க இயலாது. போன மாதம் கண்புரை அறுவை செய்துகொண்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். கண்ணில் புள்ளியோ வட்டமோ மிதப்பதுபோல் தெரிந்தால் உடனே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று காலையிலிருந்து எழுத்துகளுக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் தெரிகிறது. இருபத்துமூன்று பக்கம் எப்படியோ பார்த்து முடித்தேன். மேலே முடியவில்லை. நாளைக் காலை ஐந்து மணி பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். கண் போனால் இந்த வேலையும் போயிற்று. எனக்காக யாராவது மீதிப் பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.”

படித்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. அவர் பார்த்த நூலைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே, ‘ஒளி’ இருக்க வேண்டிய இடத்தில், அந்த வட்டம்.

அப்போது என் மனத்தில் எழுந்த எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். மறைத்தால் இக்கட்டுரையால் பயனில்லை. ‘குழுவில் என் புனைபெயர்தானே எல்லாருக்கும் தெரியும்? இரவோடு இரவாக ஓசையில்லாமல் பழையபடி மாற்றிவிட்டால் என்ன?’ என்று எண்ணினேன். அங்கே ஒவ்வொரு பக்கத்தின் பழைய வடிவமும் சேமிப்பில் இருக்கும்; ஒரு சொடுக்கில் மீட்டுவிடலாம். ஆனால் பார்த்தால், என் நிரல் ஓடிய பிறகு 41 பக்கங்களில் மற்றவர்கள் உழைத்திருந்தார்கள். பழைய வடிவத்தை மீட்டால் அவர்கள் உழைப்பும் சேர்ந்து அழியும். அதில் பெரியவர் பயந்துகொண்டே பார்த்த இருபத்துமூன்று பக்கமும் அடக்கம். அதுமட்டுமா? நான் மௌனமாக இருந்தால் அந்த மனிதர் விடியற்காலை, கண் போகப் போகிறது என்ற அச்சத்தோடு பஸ் ஏறுவார்.

திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். அம்மா, “என்னடா, கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கலையா?” என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு ஒருங்குறியும் தெரியாது, நிரலும் தெரியாது. “பெரியவர் பயந்துகிட்டு இருக்காருன்னா மொதல்ல அதைச் சொல்லு. மத்தது பொறவு” என்றார்.

பதினொன்றரை மணிக்கு எழுதினேன். “ஐயா, தங்கள் கண்ணில் குறை இல்லை. அந்த வட்டம் என் நிரல் செய்த பிழை. யாரையும் கேளாமல் நேற்று இரவு 317 பக்கங்களில் ஓட்டினேன். விதி தெரிந்தே மீறினேன். மன்னிக்க வேண்டும்.” அதன்கீழ் என் உண்மைப் பெயரை எழுதினேன். பிறகு என்ன நடந்தது, எந்த வரி தவறு, எந்தெந்தப் பக்கங்கள் கெட்டன என்று ஒரு பட்டியல் தயாரித்துச் சேர்த்தேன்.

ஐந்து நிமிடம் பதில் இல்லை. ‘இனி இவன் வேண்டாம்’ என்று முடிவு செய்கிறார்கள் போலும் என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்து அக்காவிடமிருந்து முதல் பதில் வந்தது.

“தம்பி, ஒண்டும் யோசியாதேங்கோ. பட்டியல் போட்டது நல்ல வேலை, அரைவாசிப் பிரச்சினை அதிலேயே முடிஞ்சுது. வேற ஆரும் தொடாத 276 பக்கத்தையும் நான் இப்பவே பழையபடி ஆக்கிவிடுறன். மிச்சம் 41-ஐயும் கண்ணால பார்க்கத்தான் வேணும். ஐயாவுக்கு நான் தகவல் அனுப்பிப் பார்க்கிறன்.”

சிங்கப்பூர் அண்ணன் பத்துப் பக்கம் எடுத்துக்கொண்டார். அங்கே அப்போது நேரம் அதிகாலை இரண்டைத் தாண்டியிருந்தது. கோவை ஆசிரியை எட்டுப் பக்கம் கேட்டார். “உனக்கு எட்டுப் பக்கம் போதும். மீதியை நாளைக்குப் பார்க்கலாம், தூங்கு” என்று அண்ணன் எழுதினார். தூக்கம் எங்கே வரும்?

வேலை செய்துகொண்டே அவர்கள் பேசினார்கள். என்னைத் தேற்றுவதாக யாரும் சொல்லவில்லை. அவரவர் செய்த பிழையை அவரவர் சொன்னார்கள். ஆசிரியை, ஒரு வகுப்பு மாணவர்களின் மதிப்பெண் பட்டியலை வரிசை மாற்றி ஏற்றிவிட்டுப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்ட கதையைச் சொன்னார். அக்கா, தம் துறையில் எல்லாரும் அறிந்த ஒரு வரலாற்றைச் சொன்னார். மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் என்னும் தளத்தில், 2017 ஜனவரி 31 அன்று, இரவு வரை வேலை செய்துகொண்டிருந்த ஒரு பொறியாளர், துணைக் கணினியில் அழிக்க வேண்டிய தரவை முதன்மைக் கணினியில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து கட்டளையை நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது சுமார் 4.5 ஜிகாபைட்தான். காப்புப் பிரதிகளைத் தேடினால், பல வழிகளில் ஏற்பாடு செய்திருந்தும் ஒன்றும் உரிய நேரத்தில் உதவவில்லை. வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த ஒரு நகலே கைகொடுத்தது. அந்த இடைவெளியில் பதிவான தரவுகள் போனவை போனவைதான்.

“அவை இதை மறைக்கேல்லை, தம்பி” என்று எழுதினார் அக்கா. நடந்ததை நடக்க நடக்கப் பொதுவில் எழுதினார்கள். மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து, போட்டி நிறுவனங்களில் வேலை செய்தவர்கள்கூட, ஆறுதல் எழுதினார்கள். பின்னர் வெளியிட்ட நீண்ட அறிக்கையில் அழித்தவரின் பெயர் இல்லை. ‘குழு உறுப்பினர் 1’ என்று மட்டுமே இருந்தது. ஒருவர் விரல் தவறினால் இவ்வளவும் அழியும்படி நம் ஏற்பாடு ஏன் இருந்தது என்பதே அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி.

சிங்கப்பூர் அண்ணன் லினக்ஸின் கதையைச் சொன்னார். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல், தம் 21-ஆம் வயதில், தாம் எழுதிவந்த இயக்குதளத்தைப் பற்றி அறிமுகமில்லாத கணினி ஆர்வலர்களுக்கு அறிவித்துக் கருத்துக் கேட்டார். அவரும் ஒருநாள், தொலைபேசி வழியே பல்கலைக்கழகக் கணினியைத் தொடர்புகொள்ள வேண்டிய கட்டளையைத் தவறுதலாகத் தம் கணினியின் வன்தட்டுக்கே அனுப்பிவிட்டார். அதில் இருந்த மினிக்ஸ் என்னும் பழைய இயக்குதளம் கெட்டுப்போயிற்று. அதை மறுபடி நிறுவுவதற்குப் பதிலாக, இனித் தம்முடையதையே முழுதும் நம்பி வேலை செய்வது என்று அன்று முடிவெடுத்தாராம். நான் படிக்கும் துறையின் பாடநூலில் லினக்ஸ் உண்டு. இந்தப் பிழை இல்லை. பெரியவர்களின் வெற்றியை மட்டும் படித்துவிட்டு, தவறு நமக்கு மட்டுமே நேர்வது என்று எண்ணிக் கூசுகிறோம்.

அதிகாலை நாலரை மணிக்குப் பெரியவரின் செய்தி வந்தது.

“தம்பி, பஸ்ஸுக்குச் சட்டை போட்டுக்கொண்டு கைப்பேசியை எடுத்தேன். உன் கடிதத்தைப் பார்த்தேன். சட்டையைக் கழற்றிவிட்டுக் காப்பி குடித்தேன்.”

அதுவரை ‘நீங்கள்’ என்று எழுதியவர் முதன்முறையாக ‘உன்’ என்று எழுதியிருந்தார். கண் நிறைந்துவிட்டது. அன்று பகலில் அவர் எழுதிய இன்னொரு நீண்ட செய்தியை நான் படியெடுத்து வைத்திருக்கிறேன். என் வார்த்தையில் சொல்கிறேன்.

அவர் அச்சகத்தில் சேர்ந்து மூன்றாம் மாதம். கோயில் கும்பாபிஷேக மலர் ஒன்று அச்சாகிக்கொண்டிருந்தது. எட்டுப் பக்கம் கோத்து, இரும்புச் சட்டத்தில் முடுக்கி, இயந்திரத்துக்கு எடுத்துப் போனபோது படியில் கால் இடறிற்று. எட்டுப் பக்க ஈய எழுத்தும் தரையெங்கும் சிதறிற்று. ஆயிரக்கணக்கான எழுத்துகள், ‘ன’வும் ‘ண’வும் ‘ற’வும் ஒரே குவியலாக. விடிந்தால் மலர் வேண்டும். அவர் அழுதுகொண்டு நின்றார். வேலை முடிந்து சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த ஐந்து தொழிலாளிகள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசாமல், சைக்கிளை மறுபடி நிறுத்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். இரவெல்லாம் எழுத்துகளைப் பொறுக்கி, முகம் பார்த்து, அதனதன் அறையில் போட்டார்கள். ஒருவர் மட்டும் எட்டுப் பக்கத்தையும் மறுபடி கோக்கத் தொடங்கினார். காலையில் மலர் அச்சாயிற்று. “அன்றைக்கு அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் நான் எருமை மேய்க்கப் போயிருப்பேன். உட்கார்ந்தார்கள், அதனால் நாற்பது வருஷம் நானும் உட்கார்ந்தேன்” என்று எழுதியிருந்தார்.

அதோடு விடவில்லை. “ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ புரூப் எடுத்தாயா?” என்று கேட்டார். அச்சகத்தில் எவ்வளவு கெட்டிக்காரக் கம்பாசிட்டரானாலும், கோத்ததை ஒரு தாளில் ஒற்றி எடுத்து, இன்னொருவர் கண்ணால் படித்துத் திருத்திய பிறகே இயந்திரத்தில் ஏற்றுவார்கள். “ஆயிரம் தாள் ஓடின பிறகு தெரியும் பிழைக்கு ஆயிரம் மடங்கு செலவு. ஒரு தாளில் தெரியும் பிழைக்கு ஒரு தாள்தான் செலவு.” கணினித் துறையில் இதற்குச் சோதனை ஓட்டம் என்று பெயர் வைத்து, எங்களுக்கு ஒரு பருவம் முழுதும் பாடமாகவே நடத்துகிறார்கள். தேர்வில் நான் நல்ல மதிப்பெண் வாங்கிய பாடம் அது!

இரண்டு நாளில் 41 பக்கங்களும் சீராயின. பிறகு அக்கா, “நிரலைத் திருத்தித் தாங்கோ, தம்பி. தேவையான வேலைதான் அது” என்றார். என்னை விலக்கவில்லை, என் வேலையையும் விலக்கவில்லை. நான் நிரலைத் திருத்தினேன். ‘ள’வின்மேல் புள்ளியோ, கொக்கியோ, வேறு உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே, வெறும் ‘ள’வாக இருந்தால் மட்டும் மாற்று. இப்போது ஒளி பிழைக்கும், தெளிவு பிழைக்கும், வெள்ளமும் பிழைக்கும். குறையொன்றும் இல்லை என்று தோன்றிற்று. பழைய நானாக இருந்தால் அன்றிரவே ஓடவிட்டிருப்பேன். ‘புரூப் எடுத்தாயா?’ என்ற குரல் காதில் கேட்டது. வெவ்வேறு நூல்களிலிருந்து பத்துப் பக்கங்களில் மட்டும் செய்து குழுவின் முன் வைத்தேன்.

ஒன்பது பக்கம் சரி. பத்தாவது, கிராமத்துப் பேச்சில் எழுதிய ஒரு கதை. அதில் ஒரு பாட்டி மருமகளிடம் வெளக்கை ஏற்றச் சொல்கிறாள். விளக்கைத்தான் ‘வெளக்கு’ என்கிறாள். அங்கே ‘ள’ வெறும் ‘ள’தான்! என் திருந்திய நிரல் அதை விழுங்கிவிட்டிருந்தது. ‘கெளம்பு’, ‘வெளங்குது’ என்று பேச்சுத் தமிழில் வரும் சொற்களுக்கெல்லாம் அதே கதி. கண்டுபிடித்தவர் பெரியவர்தான். “முதலில் ஒளியை அழித்தாய். இப்போது வெளக்கையும் அணைக்கப் பார்க்கிறாயே, தம்பி!” என்று எழுதினார். எல்லாரும் சிரித்தோம். இந்த முறை நானும் சிரித்தேன். ஏனெனில் கெட்டது ஒரே ஒரு பக்கம்.

கடைசியில் நாங்கள் கண்ட வழி எளிமையானது. நிரல் தானாக எதையும் மாற்றாது. ஐயத்துக்குரிய சொற்களைத் திரட்டிப் பட்டியலாகக் கொடுக்கும். ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் பார்த்து ‘மாற்று’ அல்லது ‘விடு’ என்று சொல்வார். தேடுவதைக் கணினி செய்யும். தீர்மானிப்பதைத் தமிழ் தெரிந்தவர் செய்வார். இந்த மாற்றத்தைச் சொன்னவர் கணினி படிக்காத ஆசிரியை. முப்பது வரி நிரல் இப்போது நூற்றைம்பது வரியாகியிருக்கிறது. அதில் என் கைப்பட எழுதியது பாதிகூட இராது.

நண்பர்களே, இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? நம் ஆய்வகத்தில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நிரல் ஓடாவிட்டால் பக்கத்து மாணவனுக்குத் தெரியாமல் திரையைச் சற்றே திருப்பிக்கொள்கிறோம். விடை வந்த மாணவனின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதிவிட்டு, நமக்கும் வந்ததாகக் கையொப்பம் பெறுகிறோம். ஆசிரியர் திட்டுவார் என்ற அச்சம் ஒரு பங்கு. சக மாணவர் சிரிப்பார் என்ற கூச்சம் மூன்று பங்கு. ஆகவே ஒருவன் சென்ற வாரம் செய்த அதே பிழையை இன்னொருவன் இந்த வாரம் முதலிலிருந்து செய்கிறான். அறுபது பேர் படிக்கும் வகுப்பில் ஒரே குழியில் அறுபது பேரும் தனித்தனியே விழுந்து, தனித்தனியே ஏறி வருகிறோம். முதலில் விழுந்தவன் ‘இங்கே குழி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தோழமை என்றால் தேநீர்க் கடையில் ஒன்றாக நிற்பது என்றே எண்ணியிருந்தேன். நான் இன்றுவரை நேரில் காணாத நாலு பேர், தாங்கள் செய்யாத பிழைக்காக, தங்கள் தூக்கத்தைக் கொடுத்தார்கள். அவர்கள் என்னைப் புகழவும் இல்லை, ‘பரவாயில்லை, விடு’ என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடவும் இல்லை. பிழையைப் பிழை என்றே சொன்னார்கள். அதைத் திருத்தும்போது பக்கத்தில் இருந்தார்கள்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மார்க் 2 என்னும் பெரிய கணினி, 1947 செப்டம்பர் 9 அன்று சரியாக ஓடவில்லை. தேடினால், உள்ளே ஒரு விசையின் இடுக்கில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கிக் கிடந்தது. அங்கு பணியாற்றியவர்கள் அதை எடுத்துக் குப்பையில் போடவில்லை. அன்றைய குறிப்பேட்டில் ஒட்டி, என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுதி வைத்தார்கள். பூச்சியோடு அந்தக் குறிப்பேடு இன்றும் வாஷிங்டன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. எங்கள் குழுவிலும் அப்படி ஒரு பக்கம் உண்டு. ‘நாம் செய்த பிழைகள்’ என்று அதற்குப் பெயர். புதிதாகச் சேர்பவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். அதில் ‘ஒளியை அழித்த கதை’ என்று என் பிழைக்குத் தலைப்பிட்டு எழுதியவர் பெரியவர். அந்தத் தலைப்பையே இக்கட்டுரைக்கும் வைத்துக்கொண்டேன்.

அவர் பிறகு குறித்த நாளில் மறுபரிசோதனைக்குப் போய் வந்தார். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். மறுநாளே இருபது பக்கம் முடித்தார்.

துறைத் தலைவரின் அனுமதி பெற்று, இந்தப் பருவத்திலிருந்து நம் கணினி ஆய்வகத்தின் கதவருகே ஒரு நீள நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிட்டிருக்கிறோம். செய்த பிழை, அது தெரிந்த விதம், திருத்திய முறை என்று மூன்று பத்திகள். பெயர் எழுதுவது அவரவர் விருப்பம். முதல் பக்கத்தில் என் பெயரோடு என் பிழை இருக்கிறது. இதுவரை பதினான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நமக்குப் பாடம் நடத்தும் விரிவுரையாளர். முதலாமாண்டுத் தம்பி தங்கைகள் போகும்போது வரும்போது புரட்டிப் பாருங்கள். எழுதத் தோன்றினால் எழுதுங்கள். பேனாவைக் கயிற்றில் கட்டியே வைத்திருக்கிறோம்.